படம் வரையும் பொறியும் வணிகர் வாய்மையும்

வாணிகமும் ஓவியமும் நெடுங்காலத் தொடர்புடையன. விற்கும் பொருள் இன்னது, கடை இன்ன இடத்தது என்பவற்றைச் சொல்லாற் கூறுவதினும் காட்சியால் உணர்த்துதல் எளிது என்பதைப் பண்டை வணிகர் நன்கறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடிய பட்டினப்பாலை, அந்நகரிற் பறந்த பல்வகைக் கொடிகளை எடுத்துரைக்கின்றது. கள் விற்கும் இடத்தைக் காட்டிய கொடியும் அவற்றுள் ஒன்று. கொடி நின்ற இடத்தைப் பிற்காலத்திற் பெயர்ப்பலகை பெற்றது. கொழும்பிலே வெள்ளவத்தைக் காலி வீதியின் இரு மருங்கிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் மும்மொழிகளில் எழுதப்பெற்று விளங்கும் கடைப் பலகைகள் அக்கொடிகளின் வழித்தோன்றல்கள் எனலாம். இன்று பலகைக்கு அப்பாலும் ஒரு முகப்புக் கடைக்கு வேண்டியதாயிற்று. அம்முகப்பே இணையத்தளம்.

தெருக்கடைக்கும் இணையத்தளத்துக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. தெருக்கடைக்கு வருபவர் பலகையைக் கண்டு உள்ளே நுழைகின்றார், பின்னர்ச் சேலையை விரித்துப் பார்க்கின்றார், கரையைத் தடவுகின்றார், வாயிலருகே கொண்டுசென்று வெயிலிற் பிடித்து நிறந் தேர்கின்றார். பலகையில் தீட்டிய ஓவியம் சிறிது மிகையாயினும் அம்மிகையைக் கண்ணும் கையும் திருத்திவிடுகின்றன. இணையத்தளத்தைப் பார்ப்பவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் மகள், வெள்ளவத்தையிலிருக்கும் தாய்க்குத் தீபாவளிச் சேலையொன்று வாங்கிக் கொடுக்க விரும்பின், அவள் காண்பது படம் ஒன்றையே. பணம் செலுத்துவதும் அப்படத்தை நம்பியே. சேலையைக் கையில் வாங்கும் தாயோ படத்தைக் கண்டவளல்லள். படத்துக்கும் பொருளுக்கும் வேற்றுமை நேரின், வாங்கிய இருவருள் ஒருவரும் அதனை உடனே அறியார்.

இத்தகைய படங்களை ஆக்குதற்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய பொறி தோன்றியுள்ளது. செயற்கை நுண்ணறிவு என்னும் துறையிற் பிறந்த இப்பொறிக்கு வேண்டிய படத்தைச் சில சொற்களால் விவரித்தல் போதும். சிறிது நேரத்துள் அது படத்தை ஆக்கித் தரும். ஓவியருக்கும் நிழற்படக் கலைஞருக்கும் ஊதியம் கொடுத்தல் இயலாத சிறு வணிகருக்கு இது பெருந்துணை போலத் தோன்றுவது இயல்பே. அத்துணையை எங்கே கொள்ளலாம், எங்கே தள்ளவேண்டும் என்னும் வினாவுக்கு விடை காண்டற்கு, வணிகர் பயன்படுத்தும் படங்களின் இயல்பும் பொறியின் இயல்பும் முதற்கண் ஆராயப்படல் வேண்டும்.

அணிப்படமும் சான்றுப்படமும்

வணிகர் பயன்படுத்தும் படங்கள் இருவகைப்படும். கடைக்குப் பொலிவு தந்து, வருவோர் மனத்தை மகிழ்விப்பது ஒருவகை. அதனை அணிப்படம் என்க. விற்கப்படும் பொருள் இத்தன்மையது என அறிவிப்பது மற்றொருவகை. அதனைச் சான்றுப்படம் என்க. முன்னதில் அழகு தலைமை பெறும். பின்னதில் உண்மை தலைமை பெறும்.

இப்பகுப்புப் புதியதன்று. 1894ஆம் ஆண்டு பம்பாயில் இரவிவர்மா நிறுவிய அச்சகத்திலிருந்து வண்ணக் கல்லச்சுப் படங்கள் வெளிவரத் தொடங்கியபோது, செல்வர் மாளிகைகளில் மட்டும் இருந்த ஓவியம் எளியோர் வீட்டுச் சுவருக்கும் வந்தது. தமிழ்நாட்டிலே கோவிற்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜூவும் (1898–1976) அவர் மாணாக்கரும் வரைந்த தெய்வத் திருவுருவங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சிடப்பெற்றன. அவற்றின் அடியிலே தத்தம் பெயரையும் முகவரியையும் பதிப்பித்து, புத்தாண்டுதோறும் வாடிக்கையாளருக்கு அளித்தல் வணிகர் வழக்கமாயிற்று. செந்தாமரையில் வீற்றிருக்கும் இலக்குமியின் படத்தின்கீழ் அரிசிக் கடையின் பெயர் இருப்பதைக் கண்டு, அக்கடையிலே தாமரை விற்கப்படும் என எவரும் எண்ணியதில்லை. அது மங்கலத்தின் பொருட்டு அமைந்தது என்பதை வழங்குவாரும் அறிவர், பெறுவாரும் அறிவர்.

சேலைக் கடையில் வைக்கப்படும் மாதிரித் துண்டின் நிலை வேறு. அத்துண்டைக் காட்டி விலை பேசியபின் வேறு துணியைக் கொடுத்தல் வஞ்சனை எனப்படும். நாட்காட்டியும் மாதிரித் துண்டும் ஒரே மேசையின்மேல் இருப்பினும் அவற்றின் கடமை வேறு வேறு. இணையத்தளத்திலோ இரண்டும் ஒரே திரையில், ஒரே அளவில், ஒரே வகைப் படமாகத் தோன்றுகின்றன. எது நாட்காட்டி, எது மாதிரித் துண்டு எனப் பார்ப்பவர் பிரித்தறிதல் அரிது. பிரித்துக் காட்டும் கடமை வணிகரைச் சார்ந்ததாகின்றது.

பொறி தொழிற்படுமாறு

2014ஆம் ஆண்டு இயன் குட்ஃபெலோ என்பவரும் உடனுழைத்தோரும், ஒன்றோடொன்று போட்டியிடும் இரு கணிப்பு வலைகளைக் கொண்டு படம் ஆக்கும் முறையை வெளியிட்டனர். 2015ஆம் ஆண்டு, படத்தைப் படிப்படியாகக் குலைத்துப் பின் அதனை மீட்கப் பயிற்றும் மற்றொரு முறை முன்மொழியப்பட்டது. 2020ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் இம்முறையைச் செம்மைப்படுத்தி, மிகத் தெளிவான படங்களை அதனாற் பெறலாம் எனக் காட்டினர். 2021ஆம் ஆண்டு ஓப்பன் ஏஐ நிறுவனம் டால்-இ என்னும் பொறியை அறிமுகஞ் செய்தது. 2022ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பதிப்பும், மிட்ஜேர்னி, ஸ்டேபிள் டிஃபியூஷன் என்பனவும் பொதுமக்கள் கைக்கு எட்டின.

இவற்றுட் பலவற்றுக்கு அடிப்படையான முறையை ஓர் உவமையால் விளக்கலாம். வானத்தில் திரண்ட முகிலை நோக்கும் சிறுவன் அதில் யானையைக் காண்கின்றான். முகிலில் யானை இல்லை. முன்னர்க் கண்ட யானைகளின் நினைவு அவன் உள்ளத்தில் உண்டு. அந்நினைவைத் துணைக்கொண்டு, முகிலின் இக்கூறு துதிக்கை, அக்கூறு செவி எனப் பொருத்திக் கொள்கின்றான். பொறியும் இவ்வாறே செய்கின்றது. அதனைப் பயிற்றும்போது, எண்ணிறந்த படங்களின்மேற் புள்ளிகளைத் தூவிச் சிறிது சிறிதாகக் குலைத்துக் காட்டுகின்றனர். தூவப்பட்ட புள்ளி எது, படத்துக்கு உரிய புள்ளி எது எனப் பிரித்தறிய அது பழகுகின்றது. பழகியபின் அதனிடம் வெறும் புள்ளிக் குழப்பம் ஒன்றைக் கொடுத்து, இதனுள் யானை உண்டு எனச் சொல்லின், யானைக்குப் பொருந்தாத புள்ளிகளைப் படிப்படியாக நீக்கி, யானையை வெளிக்கொணர்கின்றது. ஒவ்வொரு முறையும் தொடக்கக் குழப்பம் வேறாதலின், ஒரே சொற்களுக்கு வேறு வேறு படங்கள் கிடைக்கின்றன.

படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நேரே கணித்தல் பெருஞ்செலவுடையது. எனவே ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற பொறிகள் படத்தைச் சுருக்கிய வடிவில் வைத்துக் கணிக்கின்றன. பக்கத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட சதுர வண்ணப் படமொன்றில் 786,432 எண்கள் அடங்கும். அதன் தொடக்கப் பதிப்பிலே அவை 16,384 எண்களாகச் சுருக்கப்பட்டன. நாற்பத்தெட்டில் ஒரு பங்காகிய இச்சுருக்கமே, தனியார் ஒருவர் தம் வீட்டுக் கணினியிலும் படம் ஆக்கும் நிலையை உண்டாக்கியது.

இவ்விளக்கத்திலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. பொறி தருவது, அது பயின்ற படங்களில் ஒரு சொல்லோடு பெரும்பாலும் சேர்ந்து நின்ற தோற்றத்தை. வெள்ளவத்தைக் கடையொன்றின் மூன்றாம் தட்டில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் சேலையை அஃது ஒருபோதும் கண்டதில்லை. ‘பச்சைப் பட்டுச் சேலை’ என்னும் சொற்கள் பச்சைப் பட்டுச் சேலைகளின் பொதுச் சாயலை எழுப்பும். குறித்த சேலையை எழுப்பா.

அளவை நூலார் நோக்கு

அறிவு பிறக்கும் வாயில்களை ஆராய்ந்த அளவை நூலார் கண்ட முடிபுகள் இவ்விடத்துப் பெரிதும் பயன்படுவன. அளவைகளைப் பலவாக விரித்துரைப்பாரும் உளரேனும், அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் எனச் சிவஞான சித்தியார் கூறும். பொறிகளின் வாயிலாக நேரே அறிதல் காண்டல். ஏதுவைக் கொண்டு காணாத பொருளைத் துணிதல் கருதல். நம்பத்தக்கார் கூற்றால் அறிதல் உரை.

ஒரு சேலையின் நிழற்படத்தைக் காண்பவர் சேலையை நேரே காண்கிறாரல்லர். எனினும் அச்சேலையிற் பட்டுத் தெறித்த ஒளியே கருவியிற் புகுந்து படமாயிற்று. ஆகவே புகையைக் கண்டு தீயைத் துணிவது போல, படத்தைக் கண்டு சேலையைத் துணிதல் பொருந்தும். புகை தீயிலிருந்து பிறந்தது. நிழற்படம் பொருளிலிருந்து பிறந்தது. இத்தொடர்பு அறாதிருக்கும்வரை அக்கருத்தளவைக்கு ஏது உண்டு.

பொறி ஆக்கிய படத்திலோ இவ்வேது இல்லை. அது சுவரிலே தீட்டப்பட்ட புகை போன்றது. எவ்வளவு திறம்படத் தீட்டப்பட்டிருப்பினும் அதன் பின்னே தீ உண்டெனத் துணிதல் இயலாது. காண்பவர் அதனை மெய்ப்புகை எனக் கொள்வாராயின், பழுதையை அரவெனக் கொள்ளும் திரிபுக் காட்சி ஆண்டு நிகழ்கின்றது. எஞ்சியது உரையளவை ஒன்றே. ‘இச்சேலை இவ்வாறிருக்கும்’ என்னும் வணிகரது சொல்லை நம்பியே வாங்குபவர் வாங்குகின்றார். சொல்லாகக் கூறியிருந்தால் அதனை ஐயுற்று வினவக்கூடியவர், படமாகக் காட்டும்போது வினவாது ஏற்கின்றார். இதுவே சான்றுப்படத்தின் இடத்திற் பொறிப்படம் புகுதலால் விளையும் கேடு.

கொழும்புக் கடைகளில்

இக்கேடு எவ்வாறு நேரும் என்பதைக் கொழும்பு வாணிகத்திலிருந்தே எடுத்துக்காட்டலாம். காஞ்சிபுரத்துப் பட்டிலே உடலும் கரையும் வேறு வேறு நிறத்தனவாக நெய்யப்பட்டு, ஒன்றோடொன்று கோக்கப்படும் முறை ஒன்றுண்டு. கைத்தறியில் இவ்வாறு நெய்தற்கு நெசவாளரோடு துணையாள் ஒருவரும் தேவைப்படுவர். விலையின் பெரும்பகுதி இவ்வுழைப்புக்கு உரியது. பொறி வரைந்த படத்திலே கரையின் பூவேலை ஓரிடத்தில் அன்னமாகத் தொடங்கி, மற்றோரிடத்தில் மாங்காயாகத் திரிந்து, முந்தானையில் இரண்டுமற்ற கோலமாக முடிதல் கூடும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அழகு குன்றாது. ஆயினும் அத்தகைய சேலை எந்தத் தறியிலும் இறங்கியதன்று. அப்படத்தைக் கண்டு விரும்பியவருக்கு எதனைக் கொடுத்தாலும் அவர் விரும்பியது அதுவாகாது.

கொட்டாஞ்சேனையை அடுத்த செட்டியார் தெருவின் நகை வாணிகத்தில் இது மேலும் தெளிவாகும். பொன்னகை பவுண் கணக்கில் விற்கப்படுவது. ஒரு பவுண் ஏறத்தாழ 8 கிராம். தட்டார் ஒருவர் படத்தை நோக்கும்போது, கண்ணி எங்கே கோக்கப்பட்டுள்ளது, கல் எவ்வாறு பதிக்கப்பட்டுள்ளது, இதற்கு எத்துணைப் பவுண் செல்லும் என எண்ணுகின்றார். பொறிக்கோ எடையும் இல்லை, கோப்பும் இல்லை. ஒரு கண்ணி மற்றொன்றனுட் புகாது அருகே கிடப்பதாகவும், கல் பிடிப்பின்றி மிதப்பதாகவும் அது வரைந்துவிடலாம். மகளின் திருமணத்துக்குப் பல்லாண்டு சேமித்த பெற்றோர், அப்படத்தைக் காட்டி இவ்வாறே வேண்டும் எனக் கேட்பாராயின், நகை செய்வாரிடம் விடை இல்லை. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் பிணக்கே எஞ்சும்.

அணிப்படம் எனக் கருதப்படுவதும் சில வேளைகளிற் சான்றாகிவிடுதலைக் கவனித்தல் வேண்டும். செட்டியார் தெருக் கதிரேசன் ஆலயங்களிலிருந்து புறப்பட்டுத் தெற்கு நோக்கிச் செல்லும் ஆடிவேல் விழாவை முன்னிட்டுக் கடையொன்று தன் தளத்தில் வாழ்த்துப் படம் வெளியிடலாம். மயிலும் வேலும் மலர்களும் கொண்ட படம் பொறியால் ஆக்கப்படினும் குறையில்லை. அது நாட்காட்டியின் இனத்தது. தேர் ஒன்று காலி வீதியில் மக்கள் நடுவே செல்வதாகப் பொறியால் வரைவித்து, ‘எமது அனுசரணையில் நடந்த விழா’ என எழுதின், அது செய்தியின் இனத்ததாய்ப் பொய்ச்சான்றாகும். படத்தின் இனத்தை அதனோடு நிற்கும் சொற்களே பெரும்பாலும் முடிவுசெய்கின்றன.

தமிழெழுத்தும் பொறியும்

பொறியின் கல்வி எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட லயோன்-5பி என்னும் தொகுப்பு, இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடிப் படங்களின் முகவரிகளையும் அவற்றின் விளக்கவுரைகளையும் கொண்டது. அவற்றுள் ஏறத்தாழ 232 கோடி விளக்கவுரைகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. நூற்றுக்கு மேற்பட்ட ஏனைய மொழிகளனைத்துக்கும் சேர்த்து 226 கோடி. எஞ்சியவற்றின் மொழி உறுதிப்படவில்லை. ஸ்டேபிள் டிஃபியூஷனின் தொடக்கப் பதிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலப் பகுதியைக் கொண்டே பயிற்றப்பட்டன. ஆகலின் பொறியின் உலகம் ஆங்கிலத்தில் விவரிக்கப்பட்ட உலகமாக அமைந்தது. ‘இடியப்பம்’ என்னும் சொல் அதற்கு அயலாக இருத்தலும், அதன் ஆங்கிலப் பெயரைக் கொடுத்தால் வேறு நாட்டு இழையுணவின் தோற்றம் எழுதலும் இதனால் நேரக்கூடியன. யாழ்ப்பாணத்து மணமகள், தென்னிந்திய மணமகள், கண்டிச் சிங்கள மணமகள் ஆகியோரது ஆடையணி வேறுபாடுகள் அதன் பொதுச் சாயலிற் கலந்து மறைதற்கும் இடமுண்டு.

எழுத்தைப் பொறுத்தவரை இடர்ப்பாடு மேலும் நுட்பமானது. தமிழ் எழுத்துருவைக் கொண்டு எழுதும் கணினி, ‘கொ’ என்பது ககர மெய்யும் ஒகரமும் சேர்ந்தது என அறிந்து, ஒற்றைக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் விதிப்படி அமைக்கின்றது. படம் ஆக்கும் பொறிக்கோ எழுத்தும் ஒரு தோற்றமே. இலையையும் முகிலையும் வரைவது போலவே அது ககரத்தையும் வரைகின்றது. அதனால் சுழிகள் கூடியும் குறைந்தும், ணகரம் னகரமாகியும், எந்நெடுங்கணக்கிலும் இல்லாத உருவங்கள் தோன்றியும் பிழைபடும். அண்மைப் பதிப்புகள் இலத்தீன் எழுத்தைத் திருத்தமாக வரையத் தேறியுள்ளமை உண்மையே. ஆயினும் கடையின் பெயரைப் பொறியின் கையில் விடுதல் எக்காலத்தும் தகாது.

இலங்கையிலே 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2010ஆம் ஆண்டில் ‘.இலங்கை’ என்னும் தமிழ் ஈற்றுப்பெயர் இணையத்தில் இடம்பெற்றது. தளத்தின் முகவரியையே தமிழில் அமைக்கக்கூடிய இக்காலத்தில், அத்தளத்தின் முகப்புப் படத்திலே தமிழ் சிதைந்து நிற்பின் அது வாடிக்கையாளருக்கும் மொழிக்கும் செய்யும் அவமதிப்பாகும்.

சட்டத்தின் நிலை

இனி, சட்டம் கூறுவதை நோக்குதல் முறையாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வணிகர் எவரும் தம் தொழிலில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையில் ஈடுபடலாகாது என விதிக்கின்றது. ஏமாற்றக்கூடியதாக இருத்தலே அப்பிரிவுக்குப் போதும். பொருள்களைப் பற்றிய பொய்யான எடுத்துரைப்பை 31ஆம் பிரிவு தடுக்கின்றது. படத்தை வரைந்தது பொறி என்பது இப்பிரிவுகளின்கீழ் வணிகரைக் காக்கும் கேடயமாகாது. படத்தைக் காட்டி விற்றவர் அவரே.

உரிமையைப் பற்றிய வினா மற்றொன்று. அதே ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் என்பதற்குப் படைப்பை ஆக்கிய இயற்கை மனிதர் எனப் பொருள் கூறுகின்றது. சில சொற்களை மட்டும் கொடுத்துப் பெற்ற படத்துக்கு ஆக்கியோன் யாவர் என்னும் வினா எழும்போது, வணிகரது உரிமை உறுதியற்றதாகின்றது. அமெரிக்காவிலே 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில், சித்திரக்கதை நூலொன்றின் சொற்களுக்கும் அடுக்குமுறைக்கும் உரிமை அளித்த பதிப்புரிமை அலுவலகம், பொறி ஆக்கிய படங்களுக்கு அதனை மறுத்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றமும், பதிப்புரிமைக்கு மனித ஆக்கியோன் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இத்தகைய நோக்கு இலங்கையிலும் கொள்ளப்படின், தன் முகப்புப் படத்தை அடுத்த கடை எடுத்து வைத்துக்கொண்டாலும் பதிப்புரிமை கூறித் தடுத்தல் வணிகருக்கு அரிதாகும். இதனால் இலச்சினை போன்ற நிலையான அடையாளங்களை ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவித்து, உரிமையை எழுத்தில் மாற்றிப் பெற்று, தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிவுசெய்தல் தக்கது. அப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கப்படலாம்.

பிறர் உரிமையைத் தெரியாது தீண்டும் இடரும் உண்டு. கெற்றி இமேஜஸ் என்னும் படநிறுவனம் ஸ்டேபிள் டிஃபியூஷனை ஆக்கிய ஸ்டெபிலிற்றி ஏஐ நிறுவனத்தின்மேல் இலண்டனில் தொடுத்த வழக்கில் 2025ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வழங்கப்பட்டது. படநிறுவனத்தின் கோரிக்கைகளிற் பெரும்பாலன தள்ளப்பட்டன. ஆயினும் பொறியின் பழைய பதிப்புகள் ஆக்கிய சில படங்களில் அந்நிறுவனத்தின் நீர்க்குறி தோன்றியமை வர்த்தகக் குறி மீறலாகக் கொள்ளப்பட்டது. பிறர் முத்திரை பொதிந்த படங்களைக் கண்டு பழகிய பொறி, அம்முத்திரையையும் படத்தின் கூறாகக் கற்றுக்கொண்டது போலும். தம் தளத்தில் ஏற்றுமுன் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் நோக்கல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

கொள்ளத்தக்கன

மேற்கூறியவற்றாற் பொறியை முற்றாக விலக்கல் வேண்டும் என்பது பெறப்படாது. முகப்புப் பட்டியின் பின்னணிக் கோலம், பண்டிகை வாழ்த்து, கட்டுரைக்கு அணியாகும் சித்திரம், ஓவியரிடம் கருத்தைத் தெளிவுறக் காட்டுதற்கான முன்வரைவு ஆகிய யாவும் அணிப்படத்தின் பாற்பட்டன. இவற்றை ஆக்கும்போது ஆங்கிலத்தில் விரிவாக விவரித்தலும், வேண்டும் நிறத்தையும் ஒளியையும் வெற்றிடத்தையும் குறித்தலும், பெற்றவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பகுதி பகுதியாகத் திருத்துதலும் நற்பயன் தரும்.

சான்றுப்படத்துக்கோ பொருளே முதலாக வேண்டும். கையடக்கத் தொலைபேசியொன்றும், யன்னலருகே விழும் பகலொளியும், வெள்ளைத் துணியொன்றும் இருப்பின் சேலையையும் பலகாரத்தையும் தெளிவுறப் படம்பிடிக்கலாம். பொருளின் அளவை உணர்த்தப் பக்கத்தில் அறிந்த பொருளொன்றை வைத்தலும், கரையையும் முந்தானையையும் தனித்தனியே காட்டுதலும் நன்று. அப்படத்தின் பின்னணியை மட்டும் மாற்றுதற்குப் பொறியைப் பயன்படுத்தலாம். பொருளின்மேல் அதன் கை படாதவாறு காத்து, முடிந்த படத்தைப் பொருளோடு ஒப்புநோக்கல் வேண்டும். எழுத்துக்களைப் பின்னரே எழுத்துருக்கொண்டு பதித்தல் வேண்டும். படத்தின் கோப்பைச் சுருக்கி ஏற்றினால், இணைப்பு மெதுவான தொலைபேசியிலும் தளம் விரைந்து திறக்கும். கண்பார்வையற்றோர் பொருட்டுப் படந்தோறும் சொல்விளக்கம் சேர்த்தலும் கடமையாகும்.

பொறிப்படத்தின் அருகே ‘செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட படம்’ எனக் குறித்தல் மதிப்பைக் குறைக்கும் எனச் சிலர் அஞ்சுவர். அக்குறிப்பு அணிப்படத்தின் அழகைக் குறைப்பதில்லை. அதன் அருகே நிற்கும் சான்றுப்படத்தின் நம்பகத்தை உயர்த்துகின்றது. அடோபி, மைக்ரோசொப்ட் முதலிய நிறுவனங்கள் 2021ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, படத்தின் பிறப்பு வரலாற்றைக் கோப்பினுள்ளேயே பதிந்துவைக்கும் பொதுமுறை ஒன்றை வகுக்கத் தொடங்கினமையும் இந்நோக்கம் பற்றியே.

நிழற்படமும் பொய் சொல்லும் அன்றோ எனச் சிலர் வினவுவர். ஒளியைக் கூட்டி நிறத்தை மிகுவித்தலும், பழைய பலகாரத்தைப் புதியதெனக் காட்டலும் முன்னரே நிகழ்ந்தன என்பது மெய். ஆயினும் நிழற்படத்தின் பொய்யைப் பொருளின் முன் நிறுத்திச் சோதிக்கலாம்; இப்பொருளே அப்படத்துக்குரியது என எடுத்துக்காட்டலாம். பொறிப்படத்துக்கு எதிரே நிறுத்தத்தக்க பொருளே உலகில் இல்லை. முன்னது வளைந்த அளவுகோல். பின்னது அளவுகோலின் ஓவியம்.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை மட்டும் பாடி அமையவில்லை. அந்நகர வணிகர் தாம் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறையாகக் கொடுக்காமலும், பல பண்டங்களைப் பகர்ந்து விற்றமையையும் அது போற்றுகின்றது. கொடி வாடிக்கையாளரை வாயிலுக்கு அழைத்தது. மறுமுறையும் அவரை வரச் செய்தது வணிகரின் நடுவுநிலை. வெள்ளவத்தைச் சேலைக் கடையின் இணையத்தளத்துக்கும் இது பொருந்தும். கடல்கடந்து வாழும் மகள் படத்தைக் கண்டு வாங்கி அனுப்பிய சேலையைத் தாய் உடுத்து, தொலைபேசியில் முகங்காட்டும்போது, தான் கண்ட சேலையும் தாய் உடுத்த சேலையும் ஒன்றே என மகள் அறிவாளாயின், அடுத்த தைப்பொங்கலுக்கும் அவள் அக்கடையையே நாடுவாள்.